உப்புக்குள் பிறக்கும் ஐஸ்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாலும் பக்கத்திலேயே எங்காவது ஓர் ஐஸ் பிளான்ட் இருக்கும். பெயர்ப்பலகையைத் தேட வேண்டாம். கட்டடத்தின் வெளியே அடுக்கடுக்காக வளைந்து போகும் இரும்புக் குழாய்கள், அவற்றின் மேல் ஓயாமல் வழியும் தண்ணீர், உள்ளிருந்து கம்ப்ரசரின் ஒரே சீரான இரைச்சல், காற்று திரும்பினால் மூக்கைச் சுருக்க வைக்கும் அம்மோனியா நெடி. இவையே போதும். படகு கடலுக்குப் போக டீசல் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வேண்டும் இங்கிருந்து ஏறுகிற ஐஸ் பார். டீசல் விலை ஏறினால் பத்திரிகையில் வரும். ஐஸைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. உருகிப் போகிற பொருளுக்கு வரலாறு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பார்கள் போலும்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது ஐஸ் இல்லை, பலகைத் தரை. ஆட்கள் அந்தப் பலகைகளின் மேல்தான் நடக்கிறார்கள். ஒரு பலகையைத் தூக்கினால் கீழே பெரிய தொட்டி, அதில் கழுத்தளவு முங்கி வரிசையாக நிற்கும் தகரக் கேன்கள். கேனுக்குள் நல்ல தண்ணீர். கேனுக்கு வெளியே, தொட்டி நிறைய, உப்புத் தண்ணீர். மூட்டை மூட்டையாகக் கல்லுப்பைக் கொட்டிக் கரைத்தது. அந்த உப்புத் தண்ணீருக்குள் ஓடும் குழாய்களில் அம்மோனியா ஆவியாகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடுகிற திரவம் அது. கொதிக்க வேண்டிய சூட்டை உப்புத் தண்ணீரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. உப்புத் தண்ணீர் மைனஸ் 8, மைனஸ் 10 என்று இறங்கிய பிறகும் தண்ணீராகவே சுற்றி வருகிறது. கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் அந்தக் குளிரில் கல்லாகிறது. தொழிலின் மொத்தச் சூட்சுமமும் இவ்வளவுதான்: தான் உறையாமல் இன்னொன்றை உறைய வைக்கிற தண்ணீர்.

நம்ப முடியாதவர்கள் வீட்டு ஃபிரிட்ஜிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரே அளவான சின்ன டம்ளர்கள் சில எடுத்துக்கொண்டு ஒன்றில் குடிதண்ணீர், ஒன்றில் பால், ஒன்றில் அக்கானி (பதநீர்), ஒன்றில் கடல் தண்ணீர், ஒன்றில் இனிமேல் கரையாது என்கிற வரை கல்லுப்புப் போட்டுக் கலக்கிய தண்ணீர், கடைசியாக ஒன்றில் தேங்காய் எண்ணெய். எல்லாவற்றையும் ஃபிரீசரில் வைத்துவிட்டு அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டியதுதான். அடிக்கடி திறந்தால் அம்மா திட்டுவார்கள். குளிர் வெளியே போகும் என்பதால் அந்தத் திட்டு அறிவியல்படியும் நியாயமே.

முதலில் தோற்பது தேங்காய் எண்ணெய். அதற்கு ஃபிரீசரே தேவையில்லை, கீழ்த்தட்டு போதும். 24 டிகிரியை ஒட்டியே அது உறையத் தொடங்கிவிடும். மார்கழி, தை விடிகாலைகளில் மலையடிவார ஊர்களில் எண்ணெய்க் குப்பியை வெயிலில் வைத்து இளக்கித் தலைக்குத் தேய்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பக்கத்தில் ஒரு டம்ளர் நல்லெண்ணெயும் வைத்தால் அது கீழ்த்தட்டில் அசராமல் திரவமாகவே இருக்கும். உறைந்த தேங்காய் எண்ணெயை உற்றுப் பார்த்தால் நடுவில் குழிந்திருக்கும். உறைந்த தண்ணீரோ நடுவில் புடைத்திருக்கும். ஏறக்குறைய எல்லாத் திரவமும் உறையும்போது சுருங்குகிறது, தண்ணீர் மாறாகச் சுமார் 9 சதவீதம் வீங்குகிறது. ஐஸ் மிதப்பதும், ஃபிரீசரில் மறந்து வைத்த சோடாக் குப்பி வெடிப்பதும் இதனால்தான்.

அடுத்துத் தண்ணீர், பூஜ்யத்தில். பால் அதற்குச் சற்றுக் கீழே, மைனஸ் அரை டிகிரியை ஒட்டி. இந்த அரை டிகிரியை அலட்சியமாக நினைக்கக் கூடாது. பாலில் தண்ணீர் கலந்தால் உறைநிலை பூஜ்யத்தை நோக்கி மேலேறும். பால் பரிசோதனைக் கூடங்களில் கலப்படத்தைப் பிடிக்க இதை அளந்து பார்க்கிறார்கள். அக்கானி இன்னும் கொஞ்சம் தாமதிக்கும், அதிலிருக்கும் சர்க்கரையால். கடல் தண்ணீர் மைனஸ் 2 டிகிரியை நெருங்கும்போதுதான் உறையத் தொடங்கும். உறைந்தாலும் கெட்டியான கட்டியாகாது, விரலால் அழுத்தினால் நசுங்குகிற சவசவப்பு. கடைசி டம்ளர், கல்லுப்புக் கரைசல், மறுநாள் காலையில் எடுத்தாலும் ஆடிக்கொண்டிருக்கும். மைனஸ் 21 டிகிரி வரை இறக்கினால்தான் அது முழுசாக இறுகும். நம் வீட்டு ஃபிரீசர்கள் மைனஸ் 18-ஐ இலக்காக வைத்துச் செய்யப்பட்டவை. அங்கேதான் அது தப்பிக்கிறது.

அந்த மைனஸ் 18-க்கு ஒரு பழைய கதை உண்டு. ஃபாரன்ஹீட் கணக்கில் அது பூஜ்யம். 1724-இல் டேனியல் ஃபாரன்ஹீட் தன் வெப்பமானியின் அடிப்புள்ளியை விளக்கும்போது ஐஸ், தண்ணீர், நவச்சாரம் மூன்றையும் கலந்த கலவையைச் சொன்னார். கடலுப்பையும் சேர்த்துச் சொன்னார். நவச்சாரம் அம்மோனியாவின் உப்புதான். முந்நூறு வருஷத்துக்குப் பிறகு அம்மோனியாவும் உப்பும் இந்தக் கடற்கரையில் ஒரே தொட்டியில், குழாய்க்கு உள்ளும் புறமுமாக வேலை பார்க்கின்றன.

உப்பு ஏன் இப்படிச் செய்கிறது? ஐஸ் என்பது தண்ணீர் மூலக்கூறுகள் ஒழுங்காகக் கைகோத்து நிற்கிற அமைப்பு. அந்த வரிசைக்குள் உப்புக்கு இடமில்லை. கரைந்து கிடக்கும் உப்புத் துகள்கள் தண்ணீர் மூலக்கூறுகளை வரிசையில் சேரவிடாமல் குறுக்கே நிற்கின்றன, அதனால் இன்னும் குளிர்ந்தால்தான் சேர முடிகிறது. இதில் துகளின் எண்ணிக்கைதான் கணக்கு, இனிப்பா கரிப்பா என்பதில்லை. எடைக்கு எடை பார்த்தால் சர்க்கரையை விட உப்புக்குப் பத்து மடங்குக்கு மேல் வலு. சர்க்கரை மூலக்கூறு பெரியது, ஒன்றாகவே கரைகிறது. உப்பு சிறியது, கரைந்ததும் இரண்டாகவும் பிரிகிறது. ஐஸ் பிளான்டில் சர்க்கரை மூட்டையைக் கொட்டாததற்கு விலை மட்டும் காரணமில்லை.

இன்னும் ஒரு படி போக விரும்பும் பிள்ளைகள் ஃபிரீசர் இல்லாமலே ஐஸ் செய்யலாம். அகலமான பாத்திரத்தில் உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு போட்டுக் கிளறி, நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரல் அளவு தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். உப்புப் பட்ட ஐஸ் வேகமாக உருகும். உருகுவதற்கு வேண்டிய சூட்டைத் தன்னிடமிருந்தும் சுற்றியிருப்பதிடமிருந்தும் எடுத்துக்கொள்வதால் கலவை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 10-ஐயும் தாண்டி இறங்கும். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பொரிந்து உறைபனி பிடிக்கும். சற்று நேரத்தில் டம்ளரின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஐஸ் வளரும். ஈரக்கையால் அந்தப் பாத்திரத்தைத் தொட வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். இதையே மரப்பீப்பாயில் கைப்பிடி வைத்துச் சுற்றினால் பழைய கால ஐஸ்கிரீம். இரும்புத் தொட்டியில் அச்சுகளை இறக்கினால் சைக்கிள் பெட்டியில் வந்த குச்சி ஐஸ். தொட்டியைப் பெரிதாக்கிக் கேன்களை இறக்கினால் மீனவர்களின் ஐஸ் பார்.

கேனுக்குள்ளும் ஐஸ் ஓரத்திலிருந்துதான் நடுவுக்கு வளர்கிறது. ஆரம்பத்தில் வேகமாக, பிறகு மெதுவாக. ஏற்கெனவே உறைந்த ஐஸே குளிர் உள்ளே போவதைத் தடுக்கும் சுவராகிவிடுகிறது. கனம் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஃபிரிட்ஜில் ஐஸ் டிரே சீக்கிரம் உறைந்து சொம்புத் தண்ணீர் நாள் முழுக்க இழுப்பதும் அதனால்தான். ஐம்பது கிலோ பார் என்றால் அரை நாளைத் தாண்டிவிடும், கனத்த கேன் என்றால் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மின்சாரம் போய்ப் போய் வந்தால் அந்தக் கணக்கும் தவறும்.

பாரின் நடுவில் பால் வெள்ளையாக ஒரு தண்டு ஓடுகிறதே, அது அந்த வளர்ச்சியின் தடயம். தூய தண்ணீர் முதலில் ஐஸாகிறது. கரைந்திருந்த காற்றும் தாதுக்களும் வெளியே தள்ளப்பட்டு நடுவுக்கு ஒதுங்குகின்றன. கடைசியில் போக்கிடமில்லாமல் அங்கேயே குமிழிகளாக அடைபடுகின்றன. டம்ளர் தண்ணீரில் ஒரு துளி நீல மை விட்டு ஃபிரீசரில் வைத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓரமெல்லாம் கண்ணாடியாகத் தெளிந்து நீலம் முழுக்க நடுவில் திரண்டிருக்கும். வெள்ளைத் தண்டு வேண்டாம் என்றால் உறையும்போது தண்ணீருக்குள் காற்றை ஊதி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் எஞ்சும் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். மீனுக்குப் போகிற ஐஸுக்கு அந்தச் சிரத்தையெல்லாம் யார் எடுப்பார்கள்? சாலையோர ஜூஸ் கடையில் வெள்ளைத் தண்டோடு ஒரு துண்டு பாரைச் சாக்கில் வைத்து உடைப்பதைப் பார்த்தால் மட்டும் நான் ஐஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். குடிக்கிற ஐஸும் மீனுக்கான ஐஸும் ஒரே சாக்கில் வருவதைத் தடுக்கத்தான் மகாராஷ்டிரத்தில் 2018-இல் உணவுக்கு ஆகாத ஐஸில் நீல நிறம் கலக்கச் சொன்னார்கள்.

உறைந்து முடிந்ததும் கிரேன் ஒரு வரிசைக் கேன்களை மொத்தமாகத் தூக்கிச் சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் ஒருமுறை முக்கும். ஓரத்து ஐஸ் ஒரு நூல் அளவு உருகும். கேன்களைச் சாய்த்தால் பார்கள் சடசடவென்று வழுக்கி வெளியே வரும். கேனின் வாய் அகலமாகவும் அடி சற்றுக் குறுகலாகவும் இருப்பது இதற்காகவே. பிறந்த குழந்தைக்குப் புகை போட்டது மாதிரி அவற்றின் உடம்பிலிருந்து ஆவி எழும்பும். உண்மையில் அது ஐஸிலிருந்து வருவதில்லை, நம் கடற்கரைக் காற்றின் ஈரம் குளிர்ந்து தெரிவது.

இந்த இயந்திரங்கள் வருமுன்பு இந்தியாவுக்கு ஐஸ் வந்த கதையும் சொல்லத் தகுந்தது. வட இந்தியாவில் அலகாபாத் பக்கம் குளிர்கால இரவுகளில் தரையில் குழி வெட்டி, கரும்புச் சக்கையோ சோளத்தட்டையோ பரப்பி, அதன் மேல் ஆழமில்லாத மண்சட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காற்று பூஜ்யத்துக்கு இறங்காத இரவிலும், தெளிந்த வானத்தை நோக்கி வெப்பம் வெளியேறியும் நீர் ஆவியாகியும் விடிவதற்குள் மெல்லிய ஐஸ் படியும். 1775-இல் ராபர்ட் பார்க்கர் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் இந்த வித்தை பலிக்காது. ஈரக் காற்றும் மேகமும் உள்ள ஊர்.

பிறகு அமெரிக்க ஐஸ். பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் ரம்பத்தால் அறுத்த ஐஸைக் கப்பலில் மரத்தூள் போட்டு அடுக்கி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833 மே மாதம் பாஸ்டனில் கிளம்பிய டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தது. ஏறக்குறைய 100 டன் உருகாமல் மிச்சமிருந்தது! சென்னையில் அதைச் சேமிக்க 1840-களின் தொடக்கத்தில் கடற்கரையில் ஒரு வட்டக் கட்டடம் எழும்பியது. ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் அந்தப் பேட்டைக்குப் பெயர். இயந்திர ஐஸ் வந்ததும் வியாபாரம் படுத்தது, கட்டடம் கைமாறியது, வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடானது. 1892 டிசம்பரில் கன்னியாகுமரிக் கடல் பாறையில் தியானத்தில் உட்கார்ந்த விவேகானந்தர், மேலைநாடெல்லாம் சுற்றி 1897 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது தங்கியது அந்த ஐஸ் வீட்டில்தான். இன்று அது விவேகானந்தர் இல்லம். குமரிக்காரர்கள் பாறையைக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம், சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதில்லை.

அந்த ஐஸ் துரைமார்களின் பானத்துக்கும் காய்ச்சல்காரரின் நெற்றிக்கும் வந்தது. மீனுக்கு ஐஸ் வைக்கிற ஆடம்பரம் அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்காது. நம் கரைக்கு மீன் ஐஸைக் கொண்டுவந்த காற்று வடமேற்கிலிருந்து வீசியது. 1952-இல் நார்வே, இந்தியா, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டு, 1953-இல் கொல்லத்தை ஒட்டிய நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டத்தைத் தொடங்கின. விசைப்படகோடு ஐஸ் பிளான்டும் வந்தது. அப்போது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. 1956 நவம்பர் 1 அன்றுதான் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து தனி மாவட்டமாயின. அதே 1953-இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஐஸ் அங்கிருந்து இங்கே வந்து சரியாக 120 வருஷம் கழித்து, ஐஸில் வைத்த பண்டம் இங்கிருந்து அங்கே போனது.

அதற்கு முன்னும் இந்தக் கரையில் மீனைக் காத்தது உப்புதான், வேறு வழியில். சாளையும் நெத்திலியும் குவிந்து விழுகிற நாளில், கரையில் விற்றது போக மிச்சமெல்லாம் உப்பில் போய்க் கருவாடாகும். உப்பு மீனிலிருந்து தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும், கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. தாமரைகுளம், சுவாமித்தோப்புப் பக்கத்து உப்பளங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. இன்றைக்கும் மீனைக் காப்பது உப்பே. முன்பு மீனின் உடம்புக்குள் நேரே போனது, இப்போது ஐஸ் பிளான்டின் தொட்டிக்குள் நின்றபடி ஐஸை அனுப்பிவைக்கிறது. மீனில் ஒரு கல் உப்புக்கூட ஏறுவதில்லை.

பார் படகுத்துறைக்கு வந்ததும் அதன் உருவம் போய்விடுகிறது. கிரஷரின் வாயில் தள்ளினால், முள்ளு முள்ளாக இரும்புப் பற்கள் உள்ள உருளை அதைக் கடகடவென்று நொறுக்கிச் சரிவில் விடுகிறது. நேரே படகின் அடியறைக்குள். ஒரு கட்டி ஐஸை விட உடைத்த ஐஸ் வேகமாக உருகும் என்பது தெரிந்தும் ஏன் உடைக்கிறார்கள் என்றால், மீனின் உடம்பெங்கும் ஐஸ் தொட வேண்டும். தொடாத இடத்தில் குளிர் ஏறாது. கரையில் பாராக, சாக்கும் மரத்தூளும் மூடிக் காப்பதும், கடலில் பொடியாக நொறுக்குவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். டியூடருக்குத் தெரிந்த மரத்தூள் வித்தை நம் ஐஸ் டிப்போக்களிலும் வெகுகாலம் ஓடியது.

ஐஸின் பலம் அதன் குளிரில் இருப்பதை விட அது உருகுவதில்தான் அதிகம். பூஜ்ய டிகிரி ஐஸ் ஒரு கிலோ, பூஜ்ய டிகிரி தண்ணீராக மாற மட்டும் 80 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொடுத்தால் அந்தத் தண்ணீர் 80 டிகிரி வரை சூடாகியிருக்கும். முப்பது டிகிரிச் சூட்டில் கடலிலிருந்து ஏறும் 10 கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஏட்டுக் கணக்கில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் போதும். அறையின் சுவர் வழியாகவும் மூடியைத் திறக்கும்போதும் சூடு நுழைந்துகொண்டே இருப்பதால், நம் வெயிலுக்கு மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் என்பதே பாடம். அதிலும் கஞ்சத்தனம் செய்தால் முதலில் காட்டிக்கொடுப்பது சூரையும் அயிலையும்தான். இந்த இன மீன்கள் சூட்டில் கிடந்தால் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற நஞ்சை உண்டாக்கும். அப்புறம் கொதிக்க வைத்தாலும் அது போகாது. தின்றவர் முகம் சிவந்து தடித்துப்போகும்.

இங்கே அந்த டம்ளர்களை மறுபடி நினைக்க வேண்டியிருக்கிறது. மீனும் ஒரு வகையில் உப்பும் புரதமும் கரைந்த திரவம்தான். அதன் சதை மைனஸ் 1 டிகிரியை ஒட்டித்தான் உறையத் தொடங்குகிறது. நல்ல தண்ணீர் ஐஸ் பூஜ்யத்தில் நிற்கிறது. ஆகவே ஐஸுக்குள் எத்தனை நாள் கிடந்தாலும் மீன் உறைவதில்லை, குளிர்ந்தே கிடக்கிறது. இது யாரும் திட்டமிட்டதில்லை. அந்த ஒரு டிகிரி இடைவெளி இருப்பதால்தான், ஐஸில் இருந்த மீனை வெட்டும்போது சதை பிசுபிசுக்காமல் நிற்கிறது. ஐஸின் மேல் கல்லுப்பைத் தூவினால் கூடுதலாகக் குளிருமே என்று கெட்டிக்காரத்தனம் செய்தால் மீனின் வெளிப்புறம் உறைந்து, உள்ளே ஐஸ் ஊசிகள் சதையைக் கிழித்து, உருகும்போது சாறெல்லாம் வடிந்துவிடும்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று மாவட்டத்தின் மேற்கு ஓரத்து ஊர்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் பேர்போனவை. சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில், சில சமயம் மாதத்தையும் தாண்டி, அரபிக்கடலில் நிற்கிறவர்கள். நூற்றுக்கணக்கான பார் ஐஸ் ஏற்றாமல் இந்தப் பயணம் கிடையாது. எத்தனை நாள் நிற்பது என்பதைச் சரக்கு அறையில் மிச்சமிருக்கும் ஐஸ்தான் தீர்மானிக்கிறது. மீன் பட்டாலும் படாவிட்டாலும், ஐஸ் கரைந்தால் திரும்பியாக வேண்டும். கட்டுமரமும் வள்ளமும் காலையில் போய் மதியம் திரும்பிய காலத்தில் இந்தத் தூரம் யாருக்கும் எட்டவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எழுந்தபோது இந்த ஊர்ப் படகுகளில் பல, நினைத்தவுடன் கரை திரும்ப முடியாத அந்தத் தூரத்தில்தான் நின்றன. ஐஸால் வந்த தொழில் வளர்ச்சியைப் புள்ளிவிவரமாகப் பேசுகிறவர்கள் இந்த இழப்பையும் அதே பேரேட்டில் எழுத வேண்டும்.

கரையில் ஐஸ் வேறொரு வேலை செய்தது. ஐஸ் இல்லாத காலத்தில் ஏலத்தில் நின்ற வியாபாரிக்கும் அவசரம், பிடித்தவனுக்கும் அவசரம். மதியத்துக்குள் மீன் கைமாறாவிட்டால் இருவருக்கும் நஷ்டம். ஐஸ் வந்த பிறகு, ஐஸ் வாங்கக் காசுள்ளவனுக்கு அவசரம் போய்விட்டது. அவன் லாரியில் அடுக்கித் திருவனந்தபுரத்துக்கும் கொச்சிக்கும் அனுப்பலாம், நாளைய விலைக்குக் காத்திருக்கலாம். கடவத்தில் சாளை சுமந்து ஊர் ஊராக நடந்த பெண்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு ஐஸ் தினம் கழியும் இன்னொரு செலவு. மீன் தொழிலில் யாருக்குப் பொறுக்க முடிகிறது, யாருக்கு முடியவில்லை என்பதை மற்ற எதையும் விட ஐஸே பிரித்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐஸ் பிளான்டுகளுக்கும் ஓய்வுக் காலம் உண்டு. அதிலும் இந்த மாவட்டத்துக்கு ஒரு விசித்திரம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கரை, அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு தடைக்காலம். ஜூனின் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையும் சேர்ந்து ஓய்கின்றன. மற்ற நாட்களில் ஒரு பக்கத்துக் கம்ப்ரசர் அடங்கினால் மறு பக்கத்தில் ஓடுகிறது. அடங்கிக் கிடக்கும் பிளான்டிலும் தொட்டியின் உப்புத் தண்ணீரைக் கொட்டிவிடுவதில்லை. அடுத்த பருவத்துக்கு அதே தண்ணீர், நீர்த்துப் போயிருந்தால் மேலும் சில மூட்டை உப்பு.

கடைசிக் கட்டம் வடசேரிச் சந்தையிலோ ஏதாவது ஓர் ஊரின் முக்கிலோ நடக்கிறது. வாங்க வருகிறவர் முதலில் கேட்பது விலையில்லை.

"ஐஸ் வச்ச மீனா பிள்ளே?"

"இல்லக்கா, இப்பம் கரையில இருந்து ஏத்துனது. செவுளத் தூக்கிப் பாருங்க."

ஐஸ் மீன் என்றால் பழைய மீன் என்று நம் வீடுகளில் ஒரு தீர்மானம் இருக்கிறது. 2018-இல் கேரளத்தில் ஆபரேஷன் சாகர் ராணி என்று சோதனை நடத்தி ஃபார்மலின் கலந்த மீனைப் பிடித்த பிறகு அந்தச் சந்தேகம் இன்னும் இறுகிவிட்டது. ஆனால் ஃபார்மலின் ஐஸின் குற்றமில்லை; ஐஸுக்குச் செலவழிக்க மனமில்லாதவனின் குறுக்குவழி. விடிகாலையில் பிடித்து, ஐஸே காணாமல் பத்து மணி வெயிலில் சருவத்தில் கிடக்கிற அயிலையை விட, நான்கு நாள் ஐஸுக்குள் ஒழுங்காகக் கிடந்த நெய்மீன் பல சமயம் மேல். சந்தையில் இதைச் சொல்லி யாரும் ஜெயித்ததில்லை. அதனால் விற்கிறவர்களும் ஐஸை மீனுக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு, மேலே ஒரு கை தண்ணீரைத் தெளித்து, இப்பம் வந்தது என்றே சொல்கிறார்கள்.

சாயங்காலமானதும் அந்த அடி ஐஸ் சாக்கடையில் ஓடிவிட்டிருக்கும். மிச்சமிருக்கும் மீனுக்கு நாளைக்கும் ஐஸ் வாங்குவதா, விலையைக் குறைத்து இன்றே தள்ளிவிடுவதா, உப்புப் போட்டுக் காய வைப்பதா என்று அந்த அம்மா மனசுக்குள் கணக்குப் போடுகிறார். ஐந்து மணிக்கு மேல் பேரம் பேசத் தெரிந்தவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.